மீத்தேன் கட்டணத்தை ரத்து செய்துவிட்டார்களா, இல்லையா?

#1 பெர்மியன் பாண்டி

வணக்கம். மேற்கு டெக்சாஸில் மிட்லண்ட் பக்கம் எண்ணெய்க் கிணற்றுத் தளங்களில் வாயுக் கசிவு பார்க்கும் வேலை எனக்கு. அகச்சிவப்புக் கேமராவைத் தூக்கிக்கொண்டு தொட்டி தொட்டியாக, வால்வு வால்வாகப் போய்ப் படம் எடுக்க வேண்டும். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. கேமராவில் பார்த்தால் இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்த மாதிரி குபுகுபு என்று கிளம்பும்.

என் சந்தேகம் இதுதான். 2025 மார்ச்சில் காலைக் கூட்டத்தில் மேலாளர், "மீத்தேன் கட்டணம் ஒழிந்தது, டிரம்ப் கையெழுத்துப் போட்டுவிட்டார்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஜூலையில் அதே மனிதர் அதே இடத்தில் நின்று, "மீத்தேன் கட்டணத்தை 2034க்குத் தள்ளிவிட்டார்கள்" என்றார். மறுபடி கைதட்டல். ஒழிந்துபோனதை எப்படி ஐயா தள்ளிப்போட முடியும்? இரண்டு முறையும் ஒழிந்த பிறகும் எனக்குக் கேமரா வேலை மட்டும் நிற்கவில்லையே, அது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரசியல் சண்டை வேண்டாம் (சொன்னால் கேட்கவா போகிறீர்கள்).

#2 சட்டப்புள்ளி

பாண்டி தம்பி, உங்கள் மேலாளர் இரண்டு முறையும் பொய் சொல்லவில்லை. சட்டம் வேறு, விதி வேறு என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

கட்டணம் பிறந்தது 2022 ஆகஸ்டில், பைடன் கையெழுத்திட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில். வரம்புக்கு மேல் கசியும் மீத்தேனுக்கு டன்னுக்கு இவ்வளவு: 2024ஆம் ஆண்டுக் கசிவுக்கு 900 டாலர், 2025க்கு 1,200, 2026 முதல் 1,500. இது காங்கிரஸே, அதாவது அமெரிக்க நாடாளுமன்றமே, எழுதியது. ஆனால் யார் எந்தப் படிவத்தில் எப்போது கட்டுவது, யாருக்கு விலக்கு என்பதையெல்லாம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது இபிஏ, ஒரு விதியாக எழுத வேண்டும். அந்த விதி 2024 நவம்பரில்தான் வந்தது. அதற்குள் தேர்தல் முடிந்து டிரம்ப் ஜெயித்தும்விட்டார்.

புது காங்கிரஸ் கூடியதும் அந்த விதியை நிராகரிக்க ஒரு தீர்மானம் போட்டார்கள். 2025 பிப்ரவரி 26 அன்று கீழவையில் 220க்கு 206, மறுநாள் செனட்டில் 52க்கு 47, மார்ச் 14 அன்று டிரம்ப் கையெழுத்து. அன்றைக்குச் செத்தது இபிஏவின் விதி மட்டும்தான், 2022 சட்டத்தில் உள்ள கட்டணம் அப்படியே இருந்தது. வீட்டு வரி போட்டாயிற்று, பணம் வாங்கும் கவுன்டரை மட்டும் இழுத்து மூடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி பாக்கியா இல்லையா என்று யாருக்கும் தெரியாத நிலை.

அந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான், ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரி மசோதாவில் ஒரு வாசகம் சேர்த்தார்கள். கட்டணம் 2034ஆம் ஆண்டுக் கசிவிலிருந்துதான் தொடங்கும் என்று சட்டத்தையே திருத்திவிட்டார்கள். மேலாளர் இரண்டாவது முறை சொன்னது இதை.

உங்கள் கேமராவுக்கும் கட்டணத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. அது 2024 மார்ச்சில் வெளியான இன்னொரு விதி. கட்டணம் கசிந்ததற்குக் காசு கேட்கும். இந்த விதி கசிவைத் தேடிப் பார், கண்டால் அடை என்று சொல்லும்.

#3 ஓக்லஹோமா கணக்கர்

கட்டணமும் கேமரா விதியும் எப்படி வந்தன என்று சட்டப்புள்ளி சார் சொன்னார். அவை ஏன் போக வேண்டும் என்று நான் சொல்கிறேன். துல்சாவில் ஒரு சின்ன எண்ணெய்க் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் கிணறுகளில் பாதிக்கு மேல் நாளுக்குப் பத்துப் பீப்பாய்கூடத் தராது. பழைய பம்ப் தலையாட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

பல தளங்களில் கரன்ட் கிடையாது. கிணற்றிலிருந்து வரும் வாயுவின் அழுத்தமே வால்வைத் திறந்து மூடும். அந்த நியூமேட்டிக் கன்ட்ரோலர் ஒவ்வொரு தடவை அசையும்போதும் கொஞ்சம் மீத்தேன் வெளியே போகும். அதன் வடிவமைப்பே அப்படி, யாரும் ஏமாற்றவில்லை. அதை மாற்றி காற்று அமுக்கி, சோலார் என்று வைத்தால் அந்தக் கிணறு தரும் காசைவிடச் செலவு அதிகம். வாஷிங்டனில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு இது புரியாது.

அப்புறம், இவர்களே ஒரு நிலையில் நிற்பதில்லை. 2016இல் இபிஏ ஒரு விதி போட்டது, 2020இல் அதில் மீத்தேன் பகுதியை எடுத்தார்கள், 2021இல் எடுத்ததை எடுத்தார்கள், 2024இல் புது விதி, 2025இல் காலக்கெடுவைத் தள்ளினார்கள். பட்ஜெட் போடுகிறவன் கதி?

#4 பெர்மியன் பாண்டி

> எடுத்ததை எடுத்தார்கள்

அண்ணே, இந்த ஒரு வரிக்காகவே உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தரலாம்.

#5 வரப்போரம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தஞ்சாவூர்க்காரன். மீத்தேன் என்றாலே எங்களுக்கு மன்னார்குடிதான் ஞாபகம் வரும். அங்கேயும் கடைசியில் அரசு தடை போட்டதே. அமெரிக்காவில் தடை போடாமல் ஏன் இப்படிக் கட்டணம், கேமரா என்று சுற்றி வளைக்கிறார்கள்?

#6 சட்டப்புள்ளி

நல்ல கேள்வி, ஆனால் இரண்டும் வேறு. மன்னார்குடியில் வந்தது நிலத்தடி நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேனை எடுக்கலாமா கூடாதா என்ற சண்டை. நிலத்தடி நீர், நெல் வயல் பற்றிய பயம் அதில் முக்கியம். இங்கே இந்தச் சண்டை எடுப்பதைப் பற்றியது இல்லை. எடுத்த வாயுவில் எவ்வளவு வானத்துக்குப் போகலாம் என்பதுதான் பேச்சு. மீத்தேன் வானில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான் தங்கும். ஆனால் இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கு மேல் சூடாக்கும். சீக்கிரம் பலன் தெரிய வேண்டுமானால் இதை அடைப்பதுதான் வழி என்று அதனால்தான் சொல்கிறார்கள்.

ஒரு இந்தியத் தொடர்பு மட்டும் உண்டு. லூசியானாவின் சபைன் பாஸ் முனையத்திலிருந்து கெயில் நிறுவனம் இருபது ஆண்டு ஒப்பந்தத்தில் திரவ வாயு வாங்குகிறது. முதல் கப்பல் 2018 மார்ச்சில் மகாராஷ்டிராவின் தாபோலுக்கு வந்தது. அமெரிக்கக் குழாய்களில் ஓடுகிற வாயுவில் ஒரு பங்கு நம் ஊருக்கும் வருகிறது.

#7 பெர்மியன் பாண்டி

கணக்கர் அண்ணே சொன்ன கன்ட்ரோலர் விஷயம் உண்மை. ஆனால் நான் பார்க்கிற பெரிய கசிவுகள் அதிலிருந்து வருவதில்லை. தொட்டியின் மேல் சின்ன மூடி ஒன்று இருக்கும், பெயர் தீஃப் ஹாட்ச். சோதனைக்கு எண்ணெய் எடுக்க உள்ளே விடும் குப்பிக்கு "தீஃப்" என்று பெயராம், அதனால் இது திருடன் மூடி. அளவெடுக்கத் திறந்தவர் மூட மறந்திருப்பார், அல்லது ஓரத்து ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். நாள் முழுக்க வாயு போகும். அடைக்க ஆகும் செலவு ஒரு ரப்பர் வளையமும் ஒருவரின் அரை மணி நேரமும்.

போன வருடம் ஒரு தளத்தில் ஒரே மூடியை மூன்று முறை படம் எடுத்துக் கொடுத்தேன். மூன்று முறையும் "பார்க்கிறோம்". கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன், எனக்குப் பிழைப்பு முக்கியம்.

#8 ஹூஸ்டன் தாத்தா

வாயு என்பது சரக்குதானே? கசிந்தால் அவனுக்குத்தான் நஷ்டம். காசு போவதைப் பார்த்துக்கொண்டு எந்த வியாபாரியாவது சும்மா இருப்பானா? இதற்கு எதற்குச் சட்டம்?

#9 பெர்மியன் பாண்டி

தாத்தா, எங்கள் பெர்மியன் எண்ணெய்ப் படுகைக்கு ஒரு தடவை வாருங்கள். இங்கே எண்ணெய்தான் மகாராணி. வாயு அவளோடு கூட வருகிற சீதனம், யாருக்கும் வேண்டாம். 2024இல் மேற்கு டெக்சாஸின் வாஹா சந்தையில் வாயு விலை பல நாள் பூஜ்யத்துக்குக் கீழே போனது. வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு விற்பவன் காசு கொடுக்க வேண்டும்! கொண்டுபோகக் குழாய் போதவில்லை. எண்ணெயை நிறுத்த முடியாது, வாயுவை வைக்க இடமில்லை. கொளுத்துவார்கள். கொளுத்தும் தீ காற்றில் அணைந்துவிட்டால் அப்படியே பச்சையாக வெளியே போகும். சரக்கு என்றால் விலை வேண்டாமா?

#10 ஹூஸ்டன் தாத்தா

காசு கொடுத்துத் தள்ளிவிடுவதா? அது எனக்குத் தெரியாது. சரி.

#11 ஃபீனிக்ஸ் பெரியம்மா

இந்த நிராகரிப்புத் தீர்மானத்தில் எனக்கு மறக்கவே முடியாத ஒரு நாள் உண்டு. 2017 மே 10. எங்கள் அரிசோனா செனட்டர் ஜான் மெக்கெய்ன், டிரம்பின் குடியரசுக் கட்சிக்காரர்தான்.

ஒபாமா பதவி முடியும் தறுவாயில், 2016 நவம்பரில், நில மேலாண்மைப் பணியகம் ஒரு விதி போட்டது. அரசு நிலத்தில் எண்ணெய் எடுப்பவர்கள் வாயுவை வீணாக வெளியே விடுவதையும் கொளுத்துவதையும் குறைக்க வேண்டும் என்பது அது. டிரம்ப் வந்ததும் அந்த வசந்த காலத்தில் காங்கிரஸ் பத்துக்கும் மேற்பட்ட ஒபாமா கால விதிகளை வரிசையாகக் கொன்றது. இதையும் கீழவை பிப்ரவரியிலேயே 221க்கு 191 என்று முடித்துவிட்டது. செனட்டில் மட்டும் மாதக்கணக்கில் இழுத்தது. அதே கட்சியின் சூசன் காலின்ஸ், லிண்ட்சே கிரஹாம் இரண்டு பேரும் மாட்டோம் என்றார்கள். சமமாக வந்தால் ஓட்டுப் போட துணை அதிபர் பென்ஸ் தயாராக இருந்தார். மெக்கெய்ன் எதிர்த்துப் போடுவார் என்று யாருமே நினைக்கவில்லை. போட்டார். 49க்கு 51. தீர்மானம் விழுந்தது.

எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது ஜூலை மாதம் மருத்துவக் காப்பீட்டு ஓட்டில் அவர் காட்டிய கட்டைவிரல். மே மாதத்து ஓட்டை யாரும் பேசுவதில்லை. அவருக்கு அந்த விதி ரொம்பப் பிடித்ததும் இல்லை, பாருங்கள். அந்தப் பணியகம் இருக்கும் உள்துறையே அதைத் திருத்தி எழுதலாம் என்றார். காங்கிரஸ் இப்படிக் கொன்றுவிட்டால் எந்த அரசும் அதே மாதிரி விதியை மறுபடி எழுத முடியாமல் போய்விடும், அதுதான் தவறு என்பது அவர் வாதம். எங்கள் மாநிலத்தின் வடகிழக்கு மூலை நான்கு மாநிலங்கள் சந்திக்கும் இடம். அந்தச் சந்திப்பின் மேல்தான் அமெரிக்காவின் மிகப் பெரிய மீத்தேன் மேகம் நிற்கிறது என்று 2014இல் செயற்கைக்கோள் தரவை வைத்துச் சொல்லியிருந்தார்கள். அவர் மனதில் அது இருந்ததா என்பதை அவர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

#12 ஓக்லஹோமா கணக்கர்

பெரியம்மா, "மறுபடி எழுத முடியாது" என்பது நிஜமா? அப்படியானால் கட்டண விதியும் இனி வரவே முடியாதா?

#13 சட்டப்புள்ளி

பெரியம்மா சரியான இடத்தைத் தொட்டார். இந்தத் தீர்மானங்களுக்கு அடிப்படை 1996ஆம் ஆண்டு காங்கிரஸ் மறுஆய்வுச் சட்டம். சாதாரண மசோதாவுக்கு செனட்டில் 60 ஓட்டு இல்லாமல் வேலை நடக்காது. இதற்குப் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு போதும், விவாதமும் பத்து மணி நேரத்துக்கு மேல் இழுக்க முடியாது. அதிபரின் கையெழுத்தும் வேண்டும் என்பதால், தன் ஆட்சியில் வந்த விதியைக் கொல்லப் பொதுவாக எந்த அதிபரும் கையெழுத்துப் போடமாட்டார். ஆட்சி மாறிய முதல் சில மாதம்தான் இதற்குச் சீசன். 2001இல் ஒரே ஒரு முறை வேலையிட விதி ஒன்றைக் கொன்றதோடு சரி, 2017 வரை இந்த ஆயுதம் துருப்பிடித்துக் கிடந்தது.

இப்படி ஒரு விதி செத்தால், "சாராம்சத்தில் அதே" விதியை முகமை மறுபடி கொண்டுவரக் கூடாது, காங்கிரஸ் புதிதாகச் சட்டம் போட்டால் ஒழிய. சாராம்சத்தில் அதே என்றால் எவ்வளவு அதே? கால் பங்கு மாற்றினால் போதுமா, பாதி மாற்ற வேண்டுமா? சட்டம் சொல்லவில்லை. என் அபிப்பிராயத்தில் இதன் மொத்த பலமே அந்தத் தெளிவின்மைதான். தெளிவாக எழுதியிருந்தால் முகமை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வந்துவிடும். இப்போது பயந்துகொண்டு கிட்டவே வராது.

கணக்கர் சார் கேட்டதற்குப் பதில்: 2034இல் கட்டணம் நிஜமாகவே தொடங்கினால் இபிஏவுக்கு ஒரு தலைவலி காத்திருக்கிறது. சட்டம் வசூலிக்கச் சொல்லும், ஆனால் வசூலிக்கும் விதி பழையதைப் போல இருக்கக் கூடாது.

இந்த ஆயுதம் குடியரசுக் கட்சிக்கு மட்டும் சொந்தமும் இல்லை. 2020இல் டிரம்பின் இபிஏ தன்னுடைய 2016 விதியிலிருந்து மீத்தேனை நீக்கியது (பெரியம்மா சொன்ன பணியக விதி வேறு). அந்த நீக்கத்தையே 2021இல் ஜனநாயகக் கட்சி இதே சட்டத்தால் கொன்றது: செனட்டில் 52க்கு 42, கீழவையில் 229க்கு 191, ஜூன் 30 அன்று பைடன் கையெழுத்து. காலின்ஸ், கிரஹாம், ஒஹையோவின் போர்ட்மன் மூன்று குடியரசுக் கட்சியினரும் சேர்ந்து போட்டார்கள். கணக்கர் சார் சொன்ன "எடுத்ததை எடுத்தது" இதுதான். அதே தர்க்கப்படி, மீத்தேனைக் கட்டுப்படுத்தவே தேவையில்லை என்ற 2020 மாதிரி விதியையும் இனி எழுதக் கூடாது என்று வாதிடலாம். இந்த முறை இபிஏ 2024 விதியை உடனே ஒழிக்காமல் காலக்கெடுவைத் தள்ளியதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுகிறது. என் ஊகம்தான்.

#14 நியூஜெர்சி நாகலிங்கம்

அப்படியானால் பாண்டியின் கேமரா விதியை, அந்த 2024 மார்ச் விதியை, 2025இல் ஏன் தீர்மானம் போட்டுக் கொல்லவில்லை? அதுதானே பெரிய தலை?

#15 சட்டப்புள்ளி

நாள் கணக்கு, நாகலிங்கம். முந்தைய காங்கிரஸின் கடைசி 60 கூட்ட நாட்களுக்குள் வந்த விதிகளைத்தான் புதிய காங்கிரஸ் இப்படித் தொட முடியும். காலண்டர் நாள் இல்லை, சபை கூடிய நாள். பின்னோக்கி எண்ணினால் அது ஏறக்குறைய 2024 ஆகஸ்டில் போய் நின்றது. மார்ச்சில் வந்த விதி தப்பித்தது, நவம்பரில் வந்த கட்டண விதி மாட்டியது. 2024 முதல் பாதியில் பைடன் அரசு விதிகளை மளமளவென்று அச்சுக்கு அனுப்பியது இதற்காகத்தான்.

கட்டண விதி ஏன் தாமதமானது என்று கேட்டால், அது கசிவுக் கணக்கு எழுதும் விதியின் மேல் நிற்கிறது. அதைத் திருத்தி முடித்ததே 2024 மே மாதம். அஸ்திவாரம் காயும் முன் மாடி கட்ட முடியாது. கட்டி முடித்தபோது ஆட்சி போய்விட்டது.

#16 ஓக்லஹோமா கணக்கர்

சரி, சட்டம் புரிந்தது. ஆனால் சின்னக் கம்பெனிகளின் வயிற்றில் அடிப்பது பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

#17 கால்குலேட்டர் கமலா

நான் சொல்கிறேன் அண்ணா. கட்டணம் எல்லோருக்கும் கிடையாது. ஆண்டுக்கு 25,000 டன் கரியமில வாயுவுக்குச் சமமாக வெளியிட்டால்தான் அதற்குள்ளேயே வருவீர்கள். மீத்தேனாக மட்டும் பார்த்தால் ஏறக்குறைய 900லிருந்து 1,000 டன். அதற்கு மேல் போனாலும், விற்பனைக்கு அனுப்பிய வாயுவில் 0.20 சதவீதம் வரை கிணற்றுத் தளங்களுக்கு இலவசம். அதைத் தாண்டியதற்குத்தான் காசு. தாண்டியது 1,000 டன் என்றால் 900 டாலர் கணக்கில் 9 லட்சம் டாலர். தவிர, கேமரா விதியை எல்லா மாநிலங்களிலும் ஒழுங்காக நிறைவேற்றினால் கட்டணமே வேண்டாம் என்று 2022 சட்டத்திலேயே விலக்கு வைத்திருந்தார்கள். வேலையைச் செய், காசு கொடுக்காதே என்பதுதான் ஏற்பாடு.

#18 ஓக்லஹோமா கணக்கர்

கமலா, ஒன்று விட்டுவிட்டீர்கள். அந்த 25,000 டன் ஒரு கிணற்றுக்கு இல்லை. ஒரு படுகையில் ஒருவருக்கு இருக்கும் எல்லாக் கிணறுகளையும் சேர்த்து ஒரே தளமாகப் பார்ப்பார்கள். நூற்றுக்கணக்கான வயதான கிணறு வைத்திருப்பவர் சின்ன ஆளாக இருந்தாலும் மாட்டுவார்.

#19 கால்குலேட்டர் கமலா

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வயதான கிணறுகள்தானே விஷயமே? 2022இல் வந்த ஓர் ஆய்வின்படி இப்படிப்பட்ட சொற்ப உற்பத்திக் கிணறுகள் நாட்டின் எண்ணெய், வாயு உற்பத்தியில் 6 சதவீதம் அளவுதான். கிணற்றுத் தளங்களிலிருந்து கசியும் மீத்தேனில் ஏறக்குறைய பாதி அவற்றிலிருந்து. சின்ன ஆளை விட்டுவிடு என்றால் பாதியை விட்டுவிடு என்று ஆகிறது.

#20 ஓக்லஹோமா கணக்கர்

பாதி, ம். அந்தக் கிணறுகளை மூடினால் அடைப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள் என்பது வேறு இழை. தொடங்கினால் இன்று தூங்க முடியாது.

#21 நியூஜெர்சி நாகலிங்கம்

எனக்கு ஆச்சரியம் பெரிய கம்பெனிகள்தான். 2020இல் டிரம்ப் மீத்தேன் விதியைத் தளர்த்தியபோது எக்ஸான், ஷெல், பிபி மூன்றுமே வேண்டாம் என்றார்கள். திருடனே போலீஸைக் கூப்பிட்ட மாதிரி.

#22 ஹூஸ்டன் தாத்தா

அதில் ஆச்சரியம் இல்லை தம்பி. நான் முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன், இதைச் சொல்லலாம். பெரியவனுக்கு விதி ஒரு செலவு, சின்னவனுக்கு விதி ஒரு மரணம். போட்டியாளன் குறைந்தால் யாருக்கு நல்லது? இன்னொன்று, வாயுவை விற்பது ஐரோப்பாவுக்கு. 2020இல் பிரெஞ்சு நிறுவனம் எஞ்சி டெக்சாஸ் திரவ வாயுப் பேச்சுவார்த்தையிலிருந்து விலகியபோது, பாறையை உடைத்து எடுக்கும் இந்த ஷேல் வாயுவின் கசிவுதான் காரணம் என்று எல்லோரும் பேசினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் மீத்தேன் சட்டமே போட்டுவிட்டது. 2027 முதல் இறக்குமதி செய்கிறவர், அந்த வாயு எடுத்த இடத்திலும் தங்கள் தரத்துக்கு இணையாகக் கசிவை அளக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். வாஷிங்டன் விதியைக் கொன்றாலும் வாங்குகிறவன் சான்று கேட்பான்.

#23 ஃபீனிக்ஸ் பெரியம்மா

சான்று கேட்பான், அளப்பது யார்? மீத்தேனை அளக்கவே விட்ட மீத்தேன்சாட் செயற்கைக்கோள் 2025 ஜூனில் தொடர்பு அறுந்து போய்விட்டது. இபிஏ சான்று பெற்ற வெளியாட்கள் பெரிய கசிவைப் பார்த்துப் புகார் தரும் ஏற்பாடு ஒன்று 2024 விதியில் இருந்ததே, மணிக்கு 100 கிலோவுக்கு மேல் போனால் என்று?

#24 சட்டப்புள்ளி

இருந்தது. 2025 ஜூலையில் இபிஏ போட்ட இடைக்கால விதி அதையும் மற்றப் பல காலக்கெடுக்களையும் 2027 ஜனவரிக்குத் தள்ளியது. ஓட்டெடுப்பு வேண்டாம், தீர்மானம் வேண்டாம், மெக்கெய்னும் வேண்டாம். தேதியை மாற்றினால் போதும்.

#25 வரப்போரம்

மொத்தத்தில் கேட்கிறேன். ஒரு விதியை ஒழிக்க இவ்வளவு வழியா? தீர்மானம் போட்டு ஒன்று, மசோதாவில் ஒரு வாசகம் சேர்த்து ஒன்று, தேதி மாற்றி ஒன்று. எங்கள் ஊரில் கோப்பைத் தொலைத்துவிடுவார்கள், ஒரே வழி.

#26 மட்டுறுத்துநர்

வரப்போரம், சிரித்துவிட்டேன், ஆனால் இழை தடம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

#27 பெர்மியன் பாண்டி

எல்லோருக்கும் நன்றி. மேலாளரிடம் விளக்கப் பார்த்தேன். "விதி செத்தது, சட்டம் சாகவில்லை, பிறகு சட்டத்தை 2034 வரை தூங்க வைத்தார்கள், கேமரா விதி விழித்திருக்கிறது, ஆனால் அதன் தேதிகள் நகர்கின்றன" என்றேன். "2034இல் நான் ரிட்டயர்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

#28 ஓக்லஹோமா கணக்கர்

உங்கள் மேலாளரை எனக்குப் பிடித்துவிட்டது. அது சரி, அந்தத் திருடன் மூடி என்ன ஆயிற்று?

#29 பெர்மியன் பாண்டி

இன்று காலைதான் அந்தத் தளத்துக்குப் போனேன். புது ரப்பர் போட்டிருக்கிறார்கள், மூடி கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துத் தொட்டியில் புகைகிறது.